படத்தில் இருக்கிறபடி

போரை நடத்த ஒரு துறை இருந்தால் அதை எதிர்க்கவும் ஒரு துறை இருக்க வேண்டும் என்பது அந்த அரசாங்கத்தின் கொள்கை. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று நாளைக்கு யாரும் நாக்கு மேல் பல் போட்டுப் பேசிவிடக் கூடாதல்லவா? அதனால் போர்த் துறைக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில், அதே சாம்பல் நிறத்தில் போர் எதிர்ப்பு வாரியத்தையும் கட்டியிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடம் மட்டும் இரண்டுக்கும் பொது. மதியம் ஒரு மணிக்குப் போர் அதிகாரிகளும் எதிர்ப்பு அதிகாரிகளும் ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்பார்கள். உப்பு குறைவு என்கிற விஷயத்தில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது.

லிப்ட்காரர் அந்த வாரியத்துக்கு முதன்முதலாகப் போனது போரை எதிர்க்க அல்ல, லிப்டைப் பழுது பார்க்க. நான்காம் மாடியில் லிப்ட் கதவு மூடுவதும் திறப்பதுமாக மூன்று நாளாகப் படுத்திக்கொண்டிருந்தது. மண்டியிட்டுப் பார்த்தார். கதவு ஓடும் தடத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் சிக்கியிருந்தது. அதை நெம்பி எடுத்து, என்னதான் எழுதியிருக்கிறது என்று உள்ளங்கையில் குத்திப் பார்த்தார். ‘பொருளற்றது’ என்று ஊதா நிறத்தில் விழுந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோதுதான் எதிர்ச் சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்தார்.

‘வாரியத்தால் பொருளுள்ள எதிர்ப்பு எனச் சான்றளிக்கப்படும் குடிமக்களின் இல்லங்களிலிருந்து ஓராண்டுக் காலத்துக்குப் படைக்கு ஆள் எடுக்கப்பட மாட்டாது.’

லிப்ட்காரர் அதை மூன்று தடவை படித்தார். அவருக்கு ஒரே பையன். இன்னும் நாலு மாதத்தில் இருபது முடிகிறது. இருபது முடிந்த மறுநாளே கடிதம் வந்துவிடும் என்பது ஊரறிந்த சங்கதி. அவர்கள் தெருவில் ஏற்கெனவே ஆறு வீட்டுக்கு வந்திருந்தது. அதில் இரண்டு வீட்டுக்கு இரண்டாவது கடிதமும் வந்துவிட்டது. முதல் கடிதம் பையன் பேருக்கு வரும். இரண்டாவது அம்மா பேருக்கு வரும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி ஒரே போடாகப் போட்டாள். “வாரியமும் வேணாம், கோரியமும் வேணாம். எங்க அண்ணன் மரக்கடையில ஒரு வருஷம் போய் இருக்கட்டும். யாராவது கேட்டா வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லிக்கலாம்.”

“ஒளிச்சு வைக்கறதுக்கு அவன் என்ன திருட்டு சாமானா? முறைப்படி ஒரு வழி இருக்கறப்ப நாம ஏன் பயந்து சாகணும்?”

முறைப்படி என்பது லிப்ட்காரருக்குத் தாய்ப்பால் மாதிரி. இருபத்தெட்டு வருடம் மற்றவர்களின் உயிரை ஆறு கம்பி வடத்தில் தொங்கவிட்டு ஏற்றி இறக்குகிறவர். முறைப்படி போகிற எதுவும் கீழே விழாது என்று அவர் நம்பாமல் வேறு யார் நம்புவது?

பையன் சிரித்தான். “அப்பா, பாதி லிப்டுல அபாய மணி பொத்தானுக்குப் பின்னாடி வயரே கெடையாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க? உள்ள மாட்டிக்கிட்டவன் அமுக்கிட்டே இருப்பான், மனசுக்கு ஒரு தெம்பு, அவ்வளவுதான்னு. இதுவும் அந்தப் பொத்தான்தான்.”

“வயர் இல்லாத எடத்துலல்லாம் நான் வயர் போட்டிருக்கேனா, இல்லியா?” என்றார் லிப்ட்காரர். பேச்சு அதோடு முடிந்தது. அந்த வீட்டில் மனைவி சொல்வது நடக்கும், பையன் சொல்வது நடக்கும்; ஆனால் அவர் ‘முறை’ என்று சொல்லிவிட்டால் மட்டும் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. எல்லாச் சனியனும் வீட்டுக்குள் வருவதற்கு ஒரு வாசல் வேண்டுமே.

அவருக்கும் பையனுக்கும் ஆளுக்கொரு விண்ணப்பம், பதினொரு பக்கம். போரை ஏன் எதிர்க்கிறீர்கள் என்பதற்கு அரை வரி இடம் விட்டிருந்தார்கள். மீதிப் பக்கங்களில் உயரம், மார்பளவு, காலணி அளவு, ரத்த வகை, கண்பார்வை, நிற்காமல் எத்தனை மைல் நடக்க முடியும், தண்ணீர் இல்லாமல் எத்தனை மணி நேரம் இருக்க முடியும்.

“எதிர்க்கறதுக்கு ரத்த வகை எதுக்கு சார்?” என்று லிப்ட்காரர் கேட்டார்.

கவுன்டரில் இருந்தவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் அடிக்கோல். ஒப்பீட்டுப் பிரிவு அதிகாரி. எப்போதும் கையில் ஒரு மர அடிக்கோல் வைத்திருப்பார். பேசுகிறவரின் வாய் எத்தனை அங்குலம் திறக்கிறது என்றுகூட அளந்துவிடுவார் போலப் பார்ப்பார். “உணர்ச்சிவசப்பட்டு யாராவது கீழ விழுந்துட்டா? போன தலைமுறை ரத்தம் சிந்தித்தானே சார் எதிர்த்தாங்க. நாங்க எல்லாத்துக்கும் தயாரா இருக்கணுமில்ல?”

அந்தப் பதிலில் அக்கறை இருந்தது. இருபது ஆகாதவர்களுக்குப் பெற்றவர்களில் ஒருவர் கையெழுத்து வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம். லிப்ட்காரர் பேனாவை உதறி, எழுத்து கலையாமல் கையெழுத்துப் போட்டார்.

விண்ணப்பம் தேறியவர்களை வாரியத் தலைவி அம்மா பெரிய கூடத்தில் வரவேற்றார். கூடத்தின் ஒரு சுவர் முழுவதையும் ஒரே ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் அடைத்துக்கொண்டிருந்தது. நாற்பத்தெட்டு வருடங்களுக்கு முன்னால், அப்போது நடந்த போரை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களின் படம். இருநூற்றுப் பதினாலு பேர். முன் வரிசையில் நாற்பது இளைஞர்கள், இடது காலை எடுத்து வைத்தபடி. பின்னால் பெரியவர்கள். அந்தப் படத்தால்தான் அந்தப் போர் நின்றது என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது.

தலைவி அம்மா ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார். “என்னோட இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒரு போரைக்கூட நான் ஆதரிச்சது கெடையாது. என் காலத்துல மூணு போர் நடந்துது. மூணையும் ஜனங்க இங்க வந்து ஒழுங்கா எதிர்த்தாங்க. மூணும் ஒரு கட்டத்துல முடிஞ்சுது. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?”

கைதட்டினார்கள். லிப்ட்காரரும் தட்டினார்.

“ஆனா ஒரு வருத்தம். இந்தத் தலைமுறை எதிர்ப்புல பொருளே இல்ல. போன்ல ஒரு கட்டை விரலைத் தூக்கிட்டா போர் நின்னுடுமா? அந்தக் காலத்து ஆளுங்களப் பாருங்க, என்ன தைரியம்! அனுமதி கேக்கல, தேதி கேக்கல, நேரா ரோட்டுக்கு வந்துட்டாங்க. அவங்க மேல எங்களுக்கு அவ்வளவு மரியாதை. அதே மாதிரி இன்னிக்கு ஒருத்தன் ரோட்டுக்கு வந்தான்னா உடனே பிடிச்சு உள்ள போட்டுடுவோம். ஏன்னா, இப்பதான் மைதானம் கட்டிக் குடுத்திருக்கோமே! அதனால உங்க கடமை என்ன? புதுசா எதுவும் செய்யாதீங்க. படத்துல இருக்கறபடி செய்யுங்க. நாங்க ஒப்பிட்டுப் பார்த்து மார்க்கு போடுவோம். அறுபதுக்குக் கீழ வாங்கினா அது வெறும் சத்தம். எம்பது தாண்டினாதான் பொருளுள்ள எதிர்ப்பு.”

இதுவரை யாராவது எண்பது வாங்கியிருக்கிறார்களா என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

“ஐம்பத்தெட்டு வரைக்கும் வந்திருக்காங்க” என்றார் தலைவி அம்மா. “அவங்க ஐம்பத்தெட்டுக்கு எவ்வளவு பொருளோ அவ்வளவு பொருள் அந்தந்தப் போருக்குக் கெடச்சுது.” இதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் புரியவில்லை. அதனால் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

வாரியத்தின் பின்புற மைதானத்தில் இருநூற்றுப் பதினாலு சுண்ணாம்புக் கட்டங்கள் போட்டிருந்தார்கள். லிப்ட்காரருக்குக் கிடைத்தது மூன்றாம் வரிசை, பதினேழாம் கட்டம். படத்தில் அந்த இடத்தில் ஒரு ஒல்லி மனிதர் இடது கையை உயர்த்தி, வாயை அகலத் திறந்து நிற்கிறார். லிப்ட்காரர் வாய் திறந்தார். அடிக்கோல் வந்து அளந்தார். “இன்னும் கால் அங்குலம்.”

பையனுக்கு முன் வரிசை, ஒன்பதாம் கட்டம் கிடைத்தது. முன் வரிசைக்கு வயது பதினெட்டிலிருந்து இருபதுக்குள் இருக்க வேண்டும். படத்தில் அப்படித்தான் இருக்கிறது. முன் வரிசைக்குத்தான் சான்றிதழ் நிச்சயம் என்று யாரோ கிளப்பிவிட்டதில், அதற்கு நடந்த அடிதடியைச் சொல்லி மாளாது. ஒரு அம்மா தன் மகனை இரண்டாம் வரிசையிலிருந்து முன் வரிசைக்கு மாற்ற யார் யாரையோ பிடித்துச் சிபாரிசுக் கடிதம் கொண்டு வந்தாள். கடைசியில் கட்டம் கிடைத்ததும் அவள் அடிக்கோலின் காலில் விழப் போனாள். தன் பையனுக்கு அலையாமல் கிடைத்ததில் லிப்ட்காரருக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்.

மூன்று வாரம் பயிற்சி. பின் வரிசைக்காரர்களுக்குக் கோஷமும் முகபாவமும். முன் வரிசைக்கு நடை. படத்தில் நாற்பது பேரும் இடது காலை முன்னால் வைத்திருப்பதால் எல்லாரும் ஒரே அடியாக எடுத்து வைக்கப் பழக வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒருவர் வந்தார். விறைப்பான ஆள், பூட்ஸ் கால். “அவர் லீவுல இருக்காரு. ஏதோ நம்ம மேல இருக்கற பிரியத்துல வந்து சொல்லித் தர்றாரு” என்றார் அடிக்கோல். பிரியக்காரர் விசிலை ஊதினார். நாற்பது பேரும் இடது காலை வைத்தார்கள். முதல் வாரம் சிரித்துக்கொண்டே வைத்தார்கள். இரண்டாம் வாரம் சிரிப்பவனை மற்ற முப்பத்தொன்பது பேரும் முறைத்தார்கள். மூன்றாம் வாரம் தலைமயிரையும் படத்தில் இருக்கிறபடி ஒட்ட வெட்டிவிட்டார்கள்.

“என்னங்க, பையன் நடையே மாறிப்போச்சு” என்றாள் மனைவி. “கூப்பிட்டா ‘என்னம்மா’ன்னு வர மாட்டேங்கறான். எழுந்து நின்னுட்டு அப்புறம்தான் பேசறான். போர்வைய மடிக்கிறான். அவன் என்னிக்குங்க போர்வைய மடிச்சான்?”

“ஒழுங்கு வந்திருக்கு. நல்லதுதானே?”

“நல்லதா? எனக்கு என்னவோ சரியாப் படல.”

லிப்ட்காரருக்கும் லேசாக உறுத்தத்தான் செய்தது. ஆனால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பவன் எந்தக் காலை எடுப்பான்? மறுவாரம் நிகழ்ச்சி. சான்றிதழ் வந்துவிட்டால் ஒரு வருடம் கண்ணை மூடித் தூங்கலாம் என்று தன்னைத்தானே தட்டிக் கொடுத்துக்கொண்டார்.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் ஒத்திகைக்கு, அந்தப் பழைய படத்தில் இருந்தவர்களில் மிச்சமிருந்த ஒருவரை விருந்தினராக அழைத்து வந்தார்கள். ஓய்வு பெற்ற தபால்காரர். வாரியம் அவர் சட்டையில் ‘மூத்த எதிர்ப்பாளர்’ என்று ஒரு அட்டையைக் குத்தியிருந்தது. அவர் வரிசைகளுக்கு நடுவில் மெதுவாக நடந்து, மூன்றாம் வரிசையில் லிப்ட்காரருக்கு முன்னால் வந்து நின்றார். வாயைத் திறந்தபடி நின்றவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“இது என் எடம்” என்றார்.

லிப்ட்காரர் பதறி நகரப் பார்த்தார். “இருங்க, இருங்க. படத்துல நீங்க நிக்கற எடத்துல இருக்கறது நான்தான். அது சரி, வாயத் தொறந்துட்டு என்ன சொல்றீங்க?”

“‘போர் வேண்டாம்’னு சொல்றேங்கய்யா. அப்படித்தான் குடுத்திருக்காங்க.”

தபால்காரருக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாக மாறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “நான் எங்க அப்படிச் சொன்னேன்? ‘ஓடுங்கடா’ன்னு கத்திட்டு இருந்தேன். பக்கத்துச் சந்துல லாரி வந்து நின்னுட்டுது. பசங்களப் பிடிச்சு அப்படியே படைக்கு ஏத்திட்டுப் போகத்தான் வந்திருக்கானுங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. முன்னாடி நின்ன பசங்க காலத் தூக்கியிருக்காங்களே, எதுக்குன்னு நெனைக்கிறீங்க? ஓட ஆரம்பிச்சுட்டாங்க. அந்த நிமிஷம் எவனோ படம் எடுத்துட்டான்.”

“அப்ப… போர் நின்னது?”

“எங்க நின்னுது? இன்னும் நாலு வருஷம் நடந்துது. ஆனா அந்த நாப்பது பசங்க அதுல இல்ல. அவ்வளவுதான் நாங்க செஞ்சது.” அவர் முன் வரிசையைப் பார்த்தார். விசில் ஊதியது. நாற்பது இடது கால்கள் ஒரே சத்தமாகத் தரையில் விழுந்தன. தபால்காரரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. “இவனுங்களுக்கு ஏன் இப்படி நடக்கச் சொல்லிக் குடுத்திருக்காங்க?” என்று கேட்டார். அதற்குள் இரண்டு ஊழியர்கள் வந்து, அவருக்கு மருந்து சாப்பிடும் நேரமாகிவிட்டது என்று கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள்.

லிப்ட்காரர் கட்டத்தை விட்டு நேராகக் கவுன்டருக்கு ஓடினார். எதிர்ப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

“தாராளமா” என்றார் அடிக்கோல். “ஆனா தெரிவிக்காத எதிர்ப்ப எப்படி சார் வாபஸ் வாங்க முடியும்? நாளைக்கு முறைப்படி தெரிவிச்சுடுங்க. நாளன்னிக்கு முறைப்படி வாபஸ் வாங்கிக்குங்க.”

வாழ்நாளில் முதல் தடவையாக ‘முறைப்படி’ என்கிற சொல் லிப்ட்காரருக்குக் கசந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் பையனிடம் எல்லாவற்றையும் சொன்னார். “நாளைக்கு வராதடா. மாமா வீட்டுக்குப் போயிடு. காலைல முதல் பஸ்ஸுல ஏத்தி விட்டுடறேன்.” பையன் நடையை நிறுத்தவில்லை. அவரும் கூடவே எட்டி எட்டி நடக்க வேண்டியிருந்தது.

“என்னப்பா பேசறீங்க? நான் போயிட்டா ஒன்பதாம் கட்டம் காலியா இருக்கும். மார்க்கு கொறஞ்சுடும். மத்த முப்பத்தொம்பது பேர் மொகத்துல எப்படி முழிப்பேன்?”

“அன்னிக்கு நீதானேடா இதெல்லாம் வயர் இல்லாத பொத்தான்னு சொன்னே?”

“அது தெரியாம சொன்னது” என்றான் பையன். அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் லிப்ட்காரருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கெஞ்சினார், அதட்டினார், நடு ரோட்டில் கையைப் பிடித்து இழுத்துக்கூடப் பார்த்தார். தானே கைப்பிடித்துக் கொண்டுபோய் விட்ட பிள்ளையை எந்த வாயால் திரும்பக் கூப்பிடுவது? அன்று அவர் மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்காக அவர் பிறகு எப்போதும் தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு மைதானம் நிறைந்துவிட்டது. முன் வரிசைக்காரர்களுக்குப் படத்தில் இருக்கிறபடி பூட்ஸ் கொடுத்தார்கள். எல்லாருக்கும் அளவு கச்சிதம். கழற்றிய செருப்புகளை ஆளுக்கொரு துணிப்பையில் போட்டு, எண் கட்டி, அந்தந்தக் குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டார்கள். லிப்ட்காரர் மூன்றாம் வரிசையில் நின்று, பையை வலது கையில் பிடித்து, இடது கையை உயர்த்தினார். மேடையில் தலைவி அம்மா. பக்கத்தில், பக்கத்துக் கட்டடத்தின் தலைவர். நட்பு முறையில் வந்திருந்தார்.

அடிக்கோல் கொடியசைத்தார். “போர் வேண்டாம்!” என்று எல்லாரும் ஒரே குரலில் முழங்கினார்கள். மூன்று வாரப் பயிற்சி வீண் போகவில்லை. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. படக்காரர் படம் எடுத்தார். விசில் ஊதியது. முன் வரிசை இடது காலை வைத்தது.

அதோடு நிற்க வேண்டும். நிற்கவில்லை. மறுபடி விசில். வலது கால். மறுபடி விசில். நாற்பது பேரும் சுண்ணாம்புக் கட்டங்களைத் தாண்டி நடந்தார்கள். எதிரே மைதானத்தின் இரும்புக் கதவுகள் திறந்தன. வெளியே, பின்பக்கத்தைக் காட்டியபடி, படுதா போட்ட லாரிகள் நின்றன.

“ஓடுடா!” என்று லிப்ட்காரர் கத்தினார். “டேய், ஓடுடா! ஓடுடா கண்ணு!”

சுற்றிலும் நூற்றெழுபது தொண்டைகள் “போர் வேண்டாம், போர் வேண்டாம்” என்று அலறிக்கொண்டிருந்தன. அவர் சத்தம் அதில் அவர் காதுக்கே கேட்கவில்லை. முண்டியடித்து முன்னே போகப் பார்த்தார். இரண்டாம் வரிசையில் இருந்தவர்கள், கட்டத்தை மிதித்தால் மார்க்கு குறையும் என்று அவரைத் தோளால் தடுத்தார்கள். பாவம், அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். சிபாரிசுக் கடிதம் கொண்டு வந்த அம்மா ஆனந்தக் கண்ணீரோடு கோஷம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் கட்டத்துப் பையன் லாரியின் படியில் காலை வைத்தான். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்ப்பது படத்தில் இல்லை.

லாரிகள் போன பிறகுதான் கூட்டத்தில் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். அந்த அம்மாதான் முதலில் கேட்டாள். “எங்க புள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போறாங்க?”

அடிக்கோல் பொறுமையாக விளக்கினார். “படத்துக்கு அப்புறம் முன் வரிசை எங்க போச்சுங்கறதுக்கு வாரியத்துல பதிவு இல்லம்மா. பதிவு இல்லாத எடத்தப் பக்கத்துத் துறை நிரப்பிக்கலாம்னு விதி இருக்கு. நீங்கதானே கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டீங்க?”

“ஒரு வருஷத்துக்கு ஆள் எடுக்க மாட்டோம்னு சொன்னீங்களே!”

“அது சான்றிதழ் குடுத்த நிமிஷத்துலேருந்தும்மா. இனிமே ஒரு வருஷத்துக்கு உங்க வீட்டுப் பக்கமே யாரும் வர மாட்டாங்க.”

தலைவி அம்மாவின் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. ஒலிபெருக்கியில் அவர் குரல் நடுங்கியது. “தொண்ணூத்தி நாலு! இந்த வாரியத்தோட சரித்திரத்துலயே இல்லாத மார்க்கு. முக்கியமா மூணாம் வரிசை, பதினேழு. அந்த மொகம், அந்த வாய், அந்தக் கை! படத்துல இருக்கறவரே எழுந்து வந்துட்டாரோன்னு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. இனிமே இந்தத் தலைமுறை எதிர்ப்புல பொருள் இல்லன்னு எவனாவது சொல்லட்டும், பார்க்கலாம்!” பக்கத்துக் கட்டடத்தின் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். சான்றிதழ்களை வரிசையாகக் கொடுத்தார்கள். வாங்காதவர்களுக்குச் சட்டைப்பையில் செருகிவிட்டார்கள்.

வரிசை கலைந்து வழி கிடைத்ததும் லிப்ட்காரர் இரும்புக் கதவு வரைக்கும் ஓடினார், ரோட்டில் ஓடினார், லாரிகள் போன திசையில் ஓடினார். அப்புறம் ஒரு கடை வாசலில் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று அவருக்குத் தெரியாது. எழுந்தபோது வேறு போக்கிடம் இல்லாததால் கால்கள் வீட்டுக்குப் போயின.

மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவருக்குப் பின்னால் பார்த்தாள். தெருமுனை வரைக்கும் பார்த்தாள். அப்புறம் அவர் கையில் இருந்த துணிப்பையை வாங்கிப் பிரித்தாள்.

“பையன் செருப்ப நீங்க எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?” என்றாள்.

லிப்ட்காரர் வாயைத் திறந்தார். காலையிலிருந்து கத்திய தொண்டையில் வேறு எதுவும் மிச்சமில்லை.

“தொண்ணூத்தி நாலு” என்றார்.